கல்லூரிக் கட்டணத்துக்கு அறக்கட்டளை உதவி: சென்னை மாணவர்கள் விண்ணப்பிக்கும் முறை

உதவித்தொகை கேட்டு அறக்கட்டளைக்கு எழுதும் பிள்ளைகள் பலர் வீட்டுக் கஷ்டத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதுகிறார்கள். எவ்வளவு பணம் குறைகிறது, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற இரண்டு விவரங்களை விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பத்தைக் கையில் எடுப்பவர் முதலில் தேடுவது அந்த இரண்டையும்தான். அதற்குக் காரணம் இருக்கிறது.

அறக்கட்டளையில் இருப்பது பலர் சேர்த்துக் கொடுத்த பணம். நம் ஊரில் இது பழைய வழக்கம். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்துப் பள்ளி நடத்தினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்தது. சென்னையில் 1794-ல் மறைந்த பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறச்சொத்திலிருந்து 1842-ல் ஒரு பள்ளி பிறந்து, பின்னால் கல்லூரியாக வளர்ந்தது. இன்று மாதம் சில நூறு ரூபாய் அனுப்பும் அலுவலக ஊழியர்களும் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களும் அதே வேலையைச் செய்கிறார்கள். அறங்காவலர் அவர்களுக்கும் தணிக்கையாளருக்கும் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே கணக்குக் காட்ட வசதியான விண்ணப்பம் முன்னே போகிறது. மனதை உருக்கினாலும் கணக்கில்லாத விண்ணப்பம் பின்னே நிற்கிறது.

முதலில் அரசு உதவிகளை முடியுங்கள்

எந்த அறக்கட்டளைக்குப் போனாலும் “அரசு உதவி எதற்கெல்லாம் விண்ணப்பித்தாய்?” என்று கேட்பார்கள். பதில் தயாராக இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022 முதல்), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 முதல்). வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று வாங்குங்கள். கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் டியூஷன் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். அரசுப் பள்ளி மாணவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. பிளஸ் டூவில் தம் பாடப்பிரிவில் முன்னணி 20 சதவீதத்துக்குள் வந்தவர்கள், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மத்திய அரசின் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது இளநிலைப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

மாநில அரசின் உதவிகளுக்கு யுமிஸ் எண் தேவை. கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளத்தில் உங்களுக்குத் தரும் பதிவு எண் அது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அதில் பெயரும் ஆதாரும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை போய்விடும். பல அறக்கட்டளைகளும் அந்த விண்ணப்பங்களை எடுப்பதில்லை. “சேர்ந்துவிட்டால் யாராவது உதவுவார்கள்” என்று கடன் வாங்கி நன்கொடை கட்டிச் சேர வேண்டாம். நன்கொடைக்கு எந்த அறக்கட்டளையும் ஈடு கொடுக்காது.

யாரிடம் கேட்பது

பெரிய பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் 2010 முதல் நடக்கிறது; அரசுப் பள்ளியில் படித்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். மாற்றம் அறக்கட்டளை கல்லூரிகளோடு பேசி இலவச இடங்கள் வாங்கித் தருகிறது. தாய் அல்லது தந்தையை இழந்தவர்களுக்கும் இருவரும் இல்லாதவர்களுக்கும் டீம் எவரெஸ்டின் ‘ஐ ஆம் தி சேஞ்ச்’ உதவித்தொகை இருக்கிறது. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஃபவுண்டேஷன் ஃபார் எக்ஸலன்ஸ். ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளநிலை உதவித்தொகை முதலாம் ஆண்டு மாணவர்களுக்கானது. பிளஸ் டூவில் 60 சதவீதம், குடும்ப வருமானம் 15 லட்சத்துக்குள், ஒரு திறனறித் தேர்வு. தேர்வானால் படிப்பு முடியும்வரை மொத்தம் 2 லட்சம் வரை கிடைக்கும்.

இவற்றுக்கு நாடு முழுவதும், மாநிலம் முழுவதும் போட்டி. ஆகவே பக்கத்தில் இருக்கும் சிறிய கதவுகளைத் தட்டுங்கள். சென்னையின் பழைய கல்லூரிகளில் கொடையாளர் பெயரில் வைப்புநிதி உதவிகள் இருக்கும். அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் தாள் தொங்கும், எடுத்துவிடுவார்கள். முதல்வர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டால்தான் தெரியும். நீங்கள் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம், சமுதாயச் சங்கங்கள் நடத்தும் கல்வி நிதி, ஜமாஅத், தேவாலயப் பங்கு, ரோட்டரி, லயன்ஸ் கிளைகள், அப்பா அம்மா வேலை செய்யும் நிறுவனத்தின் நலநிதி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இவை கொடுப்பது ஐயாயிரமோ பத்தாயிரமோதான். ஆனால் விண்ணப்பங்களும் குறைவு, முடிவும் சீக்கிரம் வரும்.

மாவட்டத்தைக் கவனியுங்கள். முகவரியில் ‘சென்னை’ என்று எழுதிப் பழகியிருந்தாலும் பல்லாவரமும் தாம்பரமும் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். “சென்னை மாவட்ட மாணவர்களுக்கு மட்டும்” என்ற நிபந்தனை இருந்தால் வருமானச் சான்றில் உள்ள மாவட்டத்தைத்தான் பார்ப்பார்கள்.

கணக்குத்தாள்: விண்ணப்பத்தின் முதுகெலும்பு

ஒரே ஒரு தாள். இடப்பக்கம் இந்த ஆண்டுச் செலவு, வலப்பக்கம் வரவு, கீழே குறைவு. மாதிரிக்கு ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், முதல் பட்டதாரி, கவுன்சலிங்கில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இடம். தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் கல்லூரியின் ரசீதைப் பார்த்து எழுதுங்கள்.

செலவு:
டியூஷன் கட்டணம் 55,000
தேர்வுக் கட்டணம் 5,000
புத்தகம், வரைபடக் கருவி, லேப் கோட் 6,000
கல்லூரிப் பேருந்து 30,000
மொத்தம் 96,000

வரவு:
முதல் பட்டதாரிச் சலுகை 25,000
புதுமைப் பெண், 12 மாதம் 12,000
வீட்டிலிருந்து 20,000
மொத்தம் 57,000

குறைவு 39,000.

இதோடு விடக் கூடாது. எப்போது குறைகிறது என்பதையும் எழுத வேண்டும். சேரும்போது கட்ட வேண்டியது சலுகை போக டியூஷன் 30,000, பேருந்தின் முதல் தவணை 15,000. ஆக 45,000. கையில் இருப்பது 20,000. உடனே வேண்டியது 25,000. மாதம் ஆயிரமாக வரும் பணம் சேர்க்கை நாளில் உதவாது. அது பின்னால் வரும் செலவுக்கு. பேருந்தின் இரண்டாம் தவணை, தேர்வு, புத்தகம் எல்லாம் சேர்த்து 26,000. அதில் 12,000 போக, மீதி 14,000 ஆண்டின் பிற்பகுதியில் வேண்டும். இப்படிப் பிரித்தால் ஒரு அறக்கட்டளையிடம் 25,000-மும் இன்னொன்றிடம் 14,000-மும் கேட்க முடியும். இரண்டு விண்ணப்பத்திலும் மற்றதைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். மறைத்தால் கட்டாயம் தெரிந்துவிடும். அறக்கட்டளைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள்.

வீட்டிலிருந்து வருவது பூஜ்யம் என்று எழுதாதீர்கள். இரண்டாயிரமானாலும் எழுதுங்கள். மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகள் பெண்களுக்கு இலவசம் என்பதால், மாணவிகள் அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தால் படிப்பவர் புருவம் உயரும். ஒரு வரி பொய்த்தால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

சான்றிதழ்கள்: பெரும்பாலான விண்ணப்பங்கள் விழும் இடம்

வருமானச் சான்றை ஏப்ரலிலேயே தொடங்குங்கள். பிளஸ் டூ முடிவு மே மாதம் வந்ததும் இ-சேவை மையங்களில் கூட்டம் அலைமோதும். இ-சேவையில் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தார் அலுவலகம் போகும். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்து வாரத்துக்கு இரண்டு முறை நிலையைப் பாருங்கள். கூடுதல் ஆவணம் கேட்டுத் திருப்பியிருந்தால் குறுஞ்செய்தி மையத்துக்காரர் பதிந்த எண்ணுக்குப் போகும். அவர் தன் எண்ணையே பதிந்துவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பதியும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள்.

சென்னையில் அடிக்கடி நடப்பது முகவரிச் சிக்கல். குடும்பம் பதினைந்து வருடமாக வியாசர்பாடியில் வாடகைக்கு இருக்கும், ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருக்கும். நகருக்குள்ளிருந்து கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு ஆதாரில் பழைய முகவரியே கிடக்கும். வசிக்கும் இடத்தின் வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட மாட்டார், பழைய இடத்தின் வி.ஏ.ஓ. “இங்கே நீங்கள் இல்லையே” என்பார். பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே ஆதார், ரேஷன் கார்டு இரண்டையும் இப்போதைய முகவரிக்கு மாற்றுவது ஒன்றே வழி.

அடுத்தது தொகை. வருமானச் சான்றில் ஆண்டுக்கு 72,000 என்று இருக்கும். வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் அப்பா மாதம் 12,000, அம்மா 8,000 என்று உண்மையைச் சொல்வார்கள். ஆண்டுக்கு 2.4 லட்சம். அந்த இடத்தில் நம்பிக்கை போய்விடும். குறைத்துக் காட்டினால்தான் உதவி கிடைக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுப்பதால் வரும் வினை இது. 2.4 லட்சம் என்பதே 2.5 லட்ச வரம்புக்குள்தான் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதி வாங்குங்கள். வருமானச் சான்று பொதுவாக ஓராண்டுக்குத்தான் செல்லும். போன ஆகஸ்டில் வாங்கியது விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே காலாவதியாகிவிடும்.

அப்பா இல்லாத வீடுகளில் இறப்புச் சான்று, விதவைச் சான்று. பிரிந்து போயிருந்தால் கணவரால் கைவிடப்பட்ட பெண் என்ற சான்று இ-சேவை வழியாகவே வாங்கலாம். “அப்பா எங்களோடு இல்லை” என்று கடிதத்தில் எழுதுவது மட்டும் போதாது.

இனி இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் எழுத்து, வங்கியில் முன்னால், பான் கார்டில் அப்பாவின் முழுப்பெயர், ஆதாரில் இனிஷியலே இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடியிருந்தாலும் கணினி வேறு ஆளாக எடுத்துக்கொள்ளும். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம்.

கல்லூரியிடமிருந்து வாங்க வேண்டியவை: போனஃபைடு சான்று (அங்கே படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று), கவுன்சலிங்கில் சேர்ந்தவர்களுக்கு அலாட்மென்ட் ஆர்டர், ஆண்டு வாரியாகக் கட்டணத்தைப் பிரித்துக் காட்டும் கடிதம். கடைசியாகச் சொன்னது கல்லூரியின் லெட்டர் பேடில், முத்திரையோடு இருக்க வேண்டும். டியூஷன், தேர்வு, பேருந்து, ஹாஸ்டல், மெஸ் தனித்தனியாக வர வேண்டும். மொத்தமாக ஒரு தொகை எழுதிய துண்டுச் சீட்டை அறக்கட்டளை ஏற்காது, ஏனென்றால் பல இடங்களில் டியூஷன், ஹாஸ்டல் போன்ற சில செலவுகளுக்கு மட்டுமே கொடுக்க அனுமதி உண்டு.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாய்வாக எடுத்த படம், ஓரம் வெட்டுப்பட்ட மார்க் ஷீட், முத்திரை மங்கிய ஜெராக்ஸ் இவற்றைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள். சான்றுகளின் அசல் உங்களிடமே இருக்கட்டும். கல்லூரி கூட அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யுஜிசி விதி.

கடிதம்

ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதலாம், ஆங்கிலத்தில் கேட்டால் மட்டும் ஆங்கிலம். இணையத்தில் எடுத்த ஆங்கிலக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால், ஒரே வாக்கியத்தை நாற்பது பேரிடம் படித்தவருக்கு உடனே தெரியும். இந்த அளவு போதுமானது:

“மதிப்பிற்குரிய அறங்காவலர் அவர்களுக்கு, வணக்கம். நான் வியாசர்பாடியில் வசிக்கிறேன். அப்பா கோயம்பேடு சந்தையில் சுமை தூக்குகிறார், அம்மா இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். கவுன்சலிங்கில் ஈசிஇ கிடைத்திருக்கிறது. இந்த ஆண்டுச் செலவு 96,000 ரூபாய். அரசு உதவியும் வீட்டுப் பணமும் சேர்ந்து 57,000 வரும். குறைவது 39,000. அதில் 25,000 ரூபாயை ஆகஸ்ட் 20-க்குள் கட்ட வேண்டும். கணக்குத்தாளையும் கல்லூரியின் கட்டணக் கடிதத்தையும் இணைத்துள்ளேன்.”

பிறகு ஏன் இந்தப் படிப்பு என்று நான்கு வரி. “நாட்டுக்குச் சேவை” போன்ற பொது வரிகளைவிட, எந்தப் பாடம் பிடிக்கும், பள்ளியில் என்ன செய்து பார்த்தீர்கள் என்பதே உதவும். மதிப்பெண் ஒரு பாடத்தில் குறைந்திருந்தால் காரணத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்.

இரண்டு தொலைபேசி எண்கள் கொடுங்கள். அப்பாவின் எண் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்ததால் நேர்காணல் அழைப்பே எட்டாமல் போவது உண்டு. விண்ணப்பித்த மாதங்களில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுங்கள்.

வீட்டுக்கு வரும்போது

தன்னார்வலர் வருவது உங்கள் ஏழ்மையை அளக்க அல்ல. தாளில் உள்ளதும் வீட்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்க்கத்தான். டிவியையோ தவணையில் வாங்கிய வண்டியையோ பக்கத்து வீட்டுக்குத் தள்ள வேண்டாம். தவணைப் புத்தகத்தைக் காட்டுங்கள். நகைக்கடன் சீட்டு, குழுக்கடன் அட்டை, வாடகை, மருத்துவச் செலவு இருந்தால் அந்தச் சீட்டுகள் எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும். அப்பா அம்மா வேலை முடிந்து இருக்கும் நேரத்தைக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கேள்விக்கு மாணவரே பதில் சொல்லட்டும். அருகில் இருக்கும் மாமாவோ அண்ணனோ முந்திக்கொண்டு பேசினால் அது சாதகமாகாது.

பணம் வரும் வழி

பல அறக்கட்டளைகள் கட்டணத்தை நேராகக் கல்லூரிக் கணக்குக்கு அனுப்பும் அல்லது கல்லூரி பெயரில் டிடி கொடுக்கும். கல்லூரி அலுவலகத்தில் ரசீது உங்கள் பெயரில், பதிவு எண்ணோடு போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, அன்றைக்கே நகலை அறக்கட்டளைக்கு அனுப்புங்கள்.

உங்கள் கணக்குக்கு வருவதாக இருந்தால் பள்ளியில் தொடங்கிய கணக்கை நம்ப வேண்டாம். இரண்டு ஆண்டு வரவுசெலவு செய்யாமல் கிடந்தால் அது செயலற்ற கணக்காகிவிடும். முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) இல்லாமல் தொடங்கிய சிறு கணக்கில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பும் 50,000-ஐத் தாண்டக் கூடாது. பெரிய தொகை வந்தால் திரும்பிப் போகும். 18 வயது ஆனதும் வங்கிக்குப் போய் மைனர் கணக்கை மாற்றி, கேஒய்சி கொடுத்துவிடுங்கள். அரசு உதவிகள் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். வேறு எதற்கோ புதுக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்துவிட்டு, பழைய பாஸ்புக்கில் பணம் வரவில்லை என்று அலைபவர்கள் நிறைய. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும்.

ஏமாற்றுவோர்

உதவித்தொகை கொடுக்கிறவர் உங்களிடம் பதிவுக் கட்டணம், செயலாக்கக் கட்டணம், ‘வரி’ எதுவும் கேட்க மாட்டார். ஓடிபி கேட்க மாட்டார். அசல் மார்க் ஷீட்டை வைத்துக்கொள்ள மாட்டார். “இந்தக் கல்லூரியில் சேர்ந்தால் அறக்கட்டளை பணம் கட்டும்” என்று பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் போன் செய்பவர் பெரும்பாலும் கல்லூரித் தரகர். அறக்கட்டளையின் கடிதத்தில் தொகையும் எத்தனை ஆண்டுக்கு என்பதும் எழுத்தில் வராமல் சேர வேண்டாம்.

இரண்டாம் ஆண்டு

முதல் ஆண்டு கிடைத்தது தானாகத் தொடரும் என்று நினைத்து இழப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும்: மார்க் ஷீட், புது வருமானச் சான்று, புது போனஃபைடு, முந்தைய ஆண்டின் ரசீதுகள். அரியர் இருந்தால் நிறுத்துவோம் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. அரியர் விழுந்தால் முடிவு வந்த அதே வாரத்தில் நீங்களே எழுதுங்கள்: எந்தத் தாள், ஏன், மறுதேர்வு எந்த மாதம் என்று. தாங்களாகச் சொன்னவருக்கு ஒரு செமஸ்டர் அவகாசம் கொடுக்க அறங்காவலர்களுக்கு மனம் வரும். மறைத்துப் பிறகு மார்க் ஷீட்டில் தெரிந்தால் அந்த மனம் வராது.

பணம் கொடுத்தவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறை, கேட்காமலேயே, ஐந்து வரியில் எழுதுங்கள்: என்ன மதிப்பெண், என்ன படிக்கிறீர்கள், அடுத்த கட்டணம் எப்போது.

ஜூலையில் கிடைக்கவில்லை என்றால்

மறுப்பு வந்தால் பணிவாகக் காரணம் கேளுங்கள். “நிதி தீர்ந்தது” என்றால் கோப்பை வைத்திருக்கச் சொல்லுங்கள். வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளைகள் பொதுவாக ஓராண்டு வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை மார்ச் 31-க்குள் அறப்பணிக்குச் செலவழித்தாக வேண்டும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் சில இடங்களில் நிதி மிஞ்சியிருக்கும். இடையில் நின்றுபோனவர், தந்தையை இழந்தவர் என்று யாராவது இருக்கிறார்களா என்று அவர்களே தேடும் காலம் அது. பொங்கல் விடுமுறை முடிந்ததும் இரண்டாம் செமஸ்டர் கட்டண ரசீது, முதல் செமஸ்டர் மார்க் ஷீட், திருத்திய கணக்குத்தாள் மூன்றையும் சேர்த்து, ஜூலையில் கொடுத்த விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி அனுப்புங்கள். மார்ச் முதல் வாரத்துக்குள் பதில் இல்லை என்றால் ஒரு முறை போன் செய்து கேட்கலாம்.